பதினொரு மாதச் சீட்டுக்குப் பின்: திருவனந்தபுரத்தில் வாடகைச் சட்டம்

திருவனந்தபுரம் மாநகரில் வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டவருக்கும் எடுத்தவருக்கும் உள்ள உறவை ஆள்வது 1965ஆம் ஆண்டின் கேரளக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். இருவரும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு அதற்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறது. வேறு சட்டமோ ஒப்பந்தமோ என்ன சொல்லியிருந்தாலும், இந்தச் சட்டம் வகுத்த வழியில் அன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது என்றுதான் அதன் 11ஆம் பிரிவு தொடங்குகிறது. இந்த ஒரு வரி தெரியாமல் சீட்டையே சட்டம் என்று நம்பும்போது வீட்டுக்காரர், குடியிருப்பவர் இருவருமே தவறான முடிவெடுக்கிறார்கள். பிற்பாடு அதைத் திருத்த ஆண்டுக்கணக்கில் வஞ்சியூர் நீதிமன்ற வளாகத்துக்கு நடக்கிறார்கள்.

வாடகைக் கட்டுப்பாடு இந்தியாவில் போர்க்காலத்தின் பிள்ளை. இரண்டாம் உலகப் போரின்போது நகரங்களில் மக்கள் பெருகினார்கள். சிமெண்டும் இரும்பும் கிடைக்கவில்லை, வாடகை ஏறியது. அன்று தற்காலிகம் என்று கொண்டுவந்த ஏற்பாடுகள் பின்னர் நிலைத்துவிட்டன. திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதியில் 1950ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையும், மலபாரில் 1949ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமும் நடந்தன. மாநிலம் ஒன்றான பிறகு 1959இல் ஒரு பொதுச் சட்டமும், அதன் இடத்தில் 1965இல் இன்றைய சட்டமும் வந்தன. போர்க்காலத்தின் தடம் இதிலும் உண்டு. 1940 ஏப்ரல் 1 முதல் ஒரே கட்டடத்தில் தொடர்ந்து வாடகைக்கு இருப்பவரை, உரிமையாளர் தம் சொந்தத் தேவையைக் காட்டி வெளியேற்ற முடியாது என்று 11ஆம் பிரிவின் 17ஆம் உட்பிரிவு சொல்கிறது. குடியிருப்பு வீடானால், ஐந்தாண்டுக்குக் குறையாமல் வெளியூரில் வாழ்ந்துவிட்டுத் திரும்பும் உரிமையாளருக்கு அதில் விலக்கு உண்டு.

எல்லாக் கட்டடமும் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அரசு அறிவித்த பகுதிகளுக்கே அது பொருந்தும். மாநகராட்சியும் நகராட்சிகளும் பொதுவாக அதனுள் அடங்கும், ஊராட்சிகளில் அறிவிப்பைப் பார்த்தாக வேண்டும். ஓட்டல் அறையும் தங்கும் விடுதி அறையும் கட்டடம் என்ற வரையறையிலிருந்து விலக்கப்பட்டவை. சில வகைக் கட்டடங்களுக்கு 25ஆம் பிரிவின்கீழ் அரசு விலக்கு அளிக்கலாம். அரசுக் கட்டடத்தில் உரிமையின்றி இருப்பவரை வெளியேற்ற 1968ஆம் ஆண்டின் பொதுக் கட்டடச் சட்டம் தனியே இருக்கிறது. பிறர் நிலத்தில் குடிசையில் குடியிருக்கும் குடிகிடப்புக்காரர் வாடகைதாரரே அல்லர். அவருடைய உரிமை கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்திலிருந்து வருகிறது. வாடகைக் கட்டுப்பாடு எட்டாத இடத்தில் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். அங்கே மாத வாடகையை முடிக்கப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். அதற்கும் காலி செய்யாவிட்டால் சிவில் வழக்கு.

ஆகவே எந்தத் தகராறிலும் முதலில் கேட்க வேண்டியது கட்டடம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதைத்தான். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பதினொரு மாதச் சீட்டைப் பற்றிய தவறான நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த ஆவணத்தால்தான் உண்டாக்க முடியும். பதிவுச் செலவைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதும் வழக்கம் வந்தது. அது பதிவு குறித்த கணக்கு மட்டும்; வெளியேறும் நாளை அது தீர்மானிப்பதில்லை. வாடகைதாரர் என்ற சொல்லின் வரையறையிலேயே, குத்தகைக் காலம் முடிந்த பின்னும் கட்டடத்தில் தொடர்பவரை 1965 சட்டம் சேர்த்திருக்கிறது. பன்னிரண்டாவது மாதம் சீட்டைப் புதுப்பிக்காமல் குடியிருப்பவர் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவதில்லை. அவர் வாடகை கொடுக்கக் கடமைப்பட்டவர், சட்டம் சொன்ன காரணம் இல்லாமல் வெளியேற்றப்படாமல் இருக்க உரிமை உள்ளவர். மறுபக்கத்தில், சீட்டில் குறிப்பிட்ட காலம் முடிவதற்கு முன் வீட்டுக்காரர் சொந்தத் தேவை என்று சொல்லி மனுப் போடவும் முடியாது. எழுதிய காலம் அவரைக் கட்டுப்படுத்துகிறது; ஆனால் அது முடிந்ததும் தானாக வீடு அவர் கைக்கு வருவதில்லை.

எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கே உடன்பாடு எழுத்தில் இருந்தாக வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுத்து உடன்பாடு செய்துகொள்ளத் தவறியதே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகிறது. நாகர்கோவிலில் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாடகைக் கடை நடத்தும் வியாபாரி ஒரே நாளில் இரண்டு சட்டங்களுக்குள் வாழ்கிறார். ஊரில் அவருடைய வீட்டைக் காலி செய்யும் வழி ஒன்று, இங்கே அவருடைய கடையை யாரேனும் காலி செய்ய முயலும் வழி வேறு. ஓரிடத்தில் கேட்ட ஆலோசனையை மற்ற இடத்தில் பயன்படுத்துவது பெரும் ஆபத்து. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது: வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, கடைக்கு ஆறு மாத வாடகை என்று முன்பணத்துக்கு வரம்பு; காலம் முடிந்தும் காலி செய்யாதவருக்கு முதல் இரண்டு மாதம் இரட்டிப்பு, பிறகு நான்கு மடங்கு வாடகை. அது மாநிலம் ஏற்றால்தான் சட்டம். கேரளத்தில் நடப்பது 1965 சட்டம்தான். தொலைக்காட்சியில் பார்த்த புதிய விதியை நம்பி வீட்டுக்காரரிடம் வாதாடுவது பயன் தராது.

வாடகையை யார் நிர்ணயிப்பது என்பதில் சட்டப் புத்தகத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருக்கிறது. நியாய வாடகையை நகராட்சியின் வரி மதிப்பீட்டோடு கட்டிவைத்து, அதற்கு மேல் கேட்பதைத் தடுப்பதே 1965 சட்டத்தின் மூல ஏற்பாடு. பணமதிப்பு சரிந்தும் வாடகை அசையாமல் நின்றது. 1995இல் ஐசக் நைனான் வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அந்த விதிகளை எதேச்சையானவை என்று கண்டு செல்லாதவையாக்கியது. 1940 செப்டம்பர் 1 அன்றைய அளவில் வாடகையை உறையவைத்த பம்பாய்ச் சட்டத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் இதே கவலையைத் தெரிவித்தது. இன்று தொகையை இரு தரப்பும் பேசி முடிக்கலாம். பேச்சு முறிந்தால் நியாய வாடகையைத் தீர்மானிக்கும்படி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தை இருவரில் யாரும் அணுகலாம். அக்கம்பக்கத்து வாடகை, கட்டடத்தின் நிலை, இடத்தின் வாணிபச் சிறப்பு ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். அடுத்த மாதம் முதல் இவ்வளவு தா என்று வீட்டுக்காரர் தாமாக ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், அதைத் தராதவர் நிலுவைக்காரர் ஆகிவிட மாட்டார். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயரும் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் மலையாளத்தில் எழுதப்படும் சீட்டில் அந்த ஒரு வரியைப் படித்துக் கேட்காமல் தமிழர் கையெழுத்திடுவது நல்லதல்ல. தெரிந்த ஒருவரை உடன் வைத்து முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது நாணப்பட வேண்டிய செயல் அன்று.

வாடகையோ முன்பணமோ கொடுத்தவர் ரசீது பெறுவது 9ஆம் பிரிவு தரும் உரிமை. நம்பிக்கையின் பேரில் ரசீது கேட்காமல் இருப்பவர்களே பின்னால் துன்பப்படுகிறார்கள். மூன்று தலைமுறைப் பழக்கம், கையில் கொடுத்துக் கையில் வாங்கும் பணம், எந்த எழுத்தும் இல்லை. பிறகு வீடு பிள்ளைகளின் பங்குக்குப் போய்ச் சேர்கிறது. புதிய உரிமையாளர் இரண்டு வருட நிலுவை என்று நோட்டீஸ் அனுப்பும்போது, கொடுத்ததற்குச் சான்று காட்ட வேண்டியவர் வாடகைதாரர். வங்கிக் கணக்கு வழியாகவோ கைப்பேசிச் செயலி வழியாகவோ செலுத்தி, எந்த மாதத்து வாடகை என்ற குறிப்பையும் சேர்த்தால் தனி ரசீது இல்லாத குறை பெரும்பாலும் தீரும். வாங்க மறுக்கும் வீட்டுக்காரருக்கு மணியார்டர் அனுப்பி, திரும்பி வந்த தாளைப் பத்திரப்படுத்துவது கேரளத்தில் நெடுங்காலமாகப் பலன் தந்த வழி.

நிலுவைக்காக வெளியேற்றும் முறையை நெருங்கிப் பார்க்க வேண்டும். எளிதாகத் தப்பிக்கக்கூடிய இடத்தில் சிக்கிக்கொள்பவர்கள் இங்கேதான் அதிகம். மாதம் 6,000 ரூபாய் வாடகை, அந்தந்த மாதக் கடைசி நாளில் செலுத்த வேண்டும் என்று சீட்டு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் நின்றுவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் உடனே மனுப் போட முடியாது. நிலுவையைச் சுட்டிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அசல், அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, நோட்டீஸ் அனுப்பிய தபால் செலவு மூன்றையும் செலுத்திவிட்டால் மனுவுக்கே இடமில்லை. ஏப்ரல் 30 அன்று கணக்கு முடித்தால் ஜனவரிக்கு 90 ரூபாய், பிப்ரவரிக்கு 60, மார்ச்சுக்கு 30; வட்டி மொத்தம் 180 ரூபாய்தான். அசல் 18,000 ரூபாயை மட்டும் அனுப்பி இந்தச் சிறு தொகையை விட்டுவிடுகிறவர் சட்டம் கேட்டதை முழுமையாகச் செய்தவர் ஆகார். தபால்காரரிடம் நோட்டீஸை வாங்க மறுப்பதும் உதவாது. மறுத்த நாளிலிருந்தே 15 நாள் ஓடத் தொடங்குகிறது.

நோட்டீஸைத் தவறவிட்டு, நீதிமன்றம் நிலுவைக்காகக் காலி செய்ய உத்தரவிட்ட பின்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்த உத்தரவை ஒரு மாதம் வரை நிறைவேற்றக் கூடாது. அதற்குள், அல்லது நீதிமன்றம் நீட்டித்துத் தரும் காலத்துக்குள், நிலுவையையும் வட்டியையும் வழக்குச் செலவையும் கட்டிவிட்டால் உத்தரவை நீதிமன்றம் நீக்கியாக வேண்டும். நிலுவைக்காக மட்டும் தொடுத்த வழக்கில் ஒருவர் வீட்டை இழப்பது பெரும்பாலும் பணம் இல்லாததால் அல்ல, நாளைக் கவனிக்காததால்.

வழக்கு நடக்கும் காலத்தில் வாடகை நிற்கக் கூடாது என்பதை 12ஆம் பிரிவு கடுமையாகச் சொல்கிறது. தாமே ஒப்புக்கொள்ளும் நிலுவையைக் கட்டாமலும், மாதாமாதம் வாடகையைச் செலுத்தாமலும் வாடகைதாரர் மனுவை எதிர்த்து வாதாட முடியாது. நிலுவைக்கு நான்கு வாரத்துக்குக் குறையாத தவணையை நீதிமன்றம் கொடுக்கும். அதையும் தவறவிட்டு, தக்க காரணமும் காட்டாவிட்டால் விசாரணையை நிறுத்திக் கட்டடத்தை ஒப்படைக்கச் சொல்லிவிடும். வீட்டுக்காரர் மீது கோபம் கொண்டு, வழக்குப் போட்டவருக்கு வாடகை எதற்கு என்று நிறுத்துபவர் நல்ல வாதம் கையில் இருந்தும் தோற்கிறார்.

சொந்தத் தேவை என்ற காரணமே இந்தச் சட்டத்தின் நடுக்களம். தமக்காகவோ தம்மைச் சார்ந்த குடும்பத்தாருக்காகவோ கட்டடம் உண்மையாகத் தேவைப்படுகிறது என்று உரிமையாளர் நிறுவினால் 11ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு அவருக்குக் கைகொடுக்கிறது. சார்ந்திருத்தல் என்பதைச் சோற்றுக்குக் கையேந்துதல் என்று நீதிமன்றங்கள் குறுக்கவில்லை. நன்றாகச் சம்பாதிக்கும் மகன் தொழில் தொடங்கத் தந்தையின் கட்டடத்தை நம்பியிருந்தாலும் போதும். எந்த அறை தமக்கு வசதி என்று உரிமையாளருக்குப் பாடம் சொல்வது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. ஆனால் அந்த உட்பிரிவு தன்னோடு தடைகளையும் சேர்த்தே கொண்டுவருகிறது. அதே ஊரில் உரிமையாளரின் கையில் வேறு சொந்தக் கட்டடம் இருந்தால், சிறப்புக் காரணம் காட்டினால் ஒழிய அவர் கேட்க முடியாது. விலைக்கோ தானமாகவோ வாங்கியவர் ஆவணத் தேதியிலிருந்து ஓராண்டு காத்திருக்க வேண்டும். குடியிருப்பவரை விரட்டித் தரும் வேலையைப் புதியவர் தலையில் கட்டி வீட்டைக் கைமாற்றும் தந்திரத்தைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது.

மூன்றாவது தடை வியாபாரிகளுக்கானது. திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு மிக நெருக்கமானதும் அதுவே. திவான் ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு, பாத்திரம், துணி, பூ என்று தலைமுறைகளாகத் தமிழ் வணிகர்கள் கடை வைத்திருக்கிறார்கள். பலருக்குக் கடை வாடகைக்கடை. அந்தக் கடையில் நடக்கும் வியாபார வருமானமே தம் பிழைப்புக்கு முதன்மை ஆதாரம் என்றும், அந்த வட்டாரத்தில் தொழிலுக்கு ஏற்ற வேறு கட்டடம் கிடைக்கவில்லை என்றும் வாடகைதாரர் காட்டினால், உரிமையாளரின் தேவை உண்மையாகவே இருந்தாலும் வெளியேற்ற உத்தரவு கிடைக்காது. இரண்டையும் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் போதாது. காட்டும் பொறுப்பும் வாடகைதாரருடையது. இங்கேதான் வியாபாரிகள் சறுக்குகிறார்கள். கடையின் கணக்குப் புத்தகம், வரிக் கணக்கு, உரிமம் எதையும் கொண்டுவராமல் இதுதான் என் சோறு என்று வாயால் சொன்னால் நீதிமன்றம் நம்பும் என்று எண்ணுகிறார்கள். வேறு இரண்டு கடைகளையும் ஊரில் நிலத்தையும் வைத்திருப்பவர் முதல் பாதியிலேயே தோற்பார். வட்டாரத்தில் காலிக் கடைகள் இருக்கின்றன என்று உரிமையாளர் கட்டட எண்களோடு காட்டினால் இரண்டாம் பாதி விழும். அதே வாடகைக்கு, அதே அளவில், அதே சந்தியில் கடை வேண்டும் என்று அடம் பிடிப்பதைச் சட்டம் ஏற்பதில்லை.

இந்தப் பாதுகாப்பு நியாயமானதே. ஒரு கடையின் மதிப்பில் பாதி அதன் சுவருக்குச் சொந்தம் என்றால், மறுபாதி அங்கே முப்பது ஆண்டு உட்கார்ந்து வாடிக்கையாளரைச் சேர்த்தவருக்குச் சொந்தம். ஆயினும் மிகக் குறைந்த பழைய வாடகைக்கு நடுத்தெருவில் இடம் பிடித்துவைத்து, சொந்தத் தொழிலைக் கைவிட்டு, உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பவரும் இதே பிரிவின் நிழலில் ஒதுங்குகிறார். அவருக்கான பதில் சட்டத்திலேயே இருக்கிறது.

உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் குத்தகை உரிமையை மாற்றினாலோ உள்வாடகைக்கு விட்டாலோ 11ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு பாயும். அதற்கு முன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 30 நாள் திருந்த வாய்ப்புத் தர வேண்டும். கட்டடத்தின் மதிப்பையோ பயனையோ பெரிதும் நிரந்தரமாகவும் குறைக்கும்படி பயன்படுத்துவதும் அதே உட்பிரிவில் வரும். ஆணியடித்ததும் பலகைத் தடுப்பு வைத்ததும் அதில் சேராது. சுமைதாங்கும் சுவரை உடைத்தது சேரும். வாடகைதாரர் அதே ஊரில் தமக்குப் போதுமான வீட்டைக் கட்டிக்கொண்டாலும், தக்க காரணமின்றித் தொடர்ந்து ஆறு மாதம் கட்டடத்தில் இல்லாதிருந்தாலும் வெளியேற்றலாம். கரமனையில் வாடகை வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு வெளியூரில் மகளோடு வசிப்பவர், வாடகை ஒழுங்காக வங்கிக்குப் போகிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. மின் கட்டணத்தில் ஓடாத மீட்டரே அவருக்கு எதிரான சாட்சி.

இடித்துக் கட்டுவது இன்னொரு காரணம். அனுமதி பெற்ற வரைபடமும் உரிமமும் கட்டி முடிக்கப் பணவசதியும் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் நியாய வாடகைக்கு அதில் இடம் பெறும் முதல் உரிமை பழைய வாடகைதாரருக்கு உண்டு. உத்தரவு வரும் நாளிலேயே இந்த உரிமையைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். கட்டடம் இடிந்துபோனாலும் அடியிலுள்ள நிலத்தின் மீதான குத்தகை அழிந்துவிடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

பொய்யான தேவையைச் சொல்லிக் காலி செய்வித்தவரையும் சட்டம் விட்டுவிடவில்லை. கட்டடம் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் தக்க காரணமின்றி அவர் குடியேறாவிட்டாலோ, குடியேறி ஆறு மாதத்துக்குள் வெளியேறிவிட்டாலோ, தம்மைத் திரும்ப அமர்த்தும்படி பழைய வாடகைதாரர் கேட்கலாம். இந்த உரிமை அதிகம் பயன்படாமல் கிடக்கிறது. வெளியேறியவர்கள் வேறிடம் போய், பழைய வாசலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

உரிமை யாருக்கு என்ற குழப்பமும் அடிக்கடி எழுவது. பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தால் வீடு தமக்கே சொந்தமாகும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. வாடகைதாரராக உள்ளே வந்தவர், தம்மை உள்ளே விட்டவருக்கு அப்போது உரிமை இருந்தது என்பதை மறுக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. உரிமையை மறுப்பது நேர்மையான மறுப்புத்தான் என்று வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றம் கண்டால் உரிமையாளரைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பும். அங்கே மறுப்பு பொய்யென முடிந்தால் வாடகைதாரருக்குப் பாதகமே. கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே வெளியேற்ற வழக்குத் தொடரலாம் என்பது 1976ஆம் ஆண்டின் பஸ்ரீச்சா வழக்கு முதல் உறுதியான சட்டம். வீடு விற்கப்பட்டால் குத்தகை முடிவதில்லை, வாடகை வாங்குபவர்தான் மாறுகிறார். விற்பனை தெரியாமல் பழையவருக்கு நல்லெண்ணத்தோடு கொடுத்த வாடகையைப் புதியவர் மீண்டும் கேட்க முடியாது. வாடகைதாரர் இறந்தால் அவருடைய வாரிசுகள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். விதவைத் தாயையும் பிள்ளைகளையும் சீட்டு உங்கள் பெயரில் இல்லையே என்று சொல்லி வெளியேற்ற முடியாது.

வழக்கு என்றால் பல வருடம் இழுக்கும் என்று அஞ்சி, பூட்டை மாற்றியும் தண்ணீரை நிறுத்தியும் காரியம் சாதிக்கப் பார்க்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. இது எந்த நிலையிலும் சட்டவிரோதம். வாடகைதாரர் அனுபவிக்கும் வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்று 13ஆம் பிரிவு விதிக்கிறது. மின்சாரம் அடிப்படைத் தேவை என்றும், உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்றும் 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. வெளியே தள்ளப்பட்டவருக்குக் குறிப்பிட்ட தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவு விரைவான வழி. ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடுத்து, தாம் அனுபவத்தில் இருந்ததையும் சட்ட நடவடிக்கை இல்லாமல் விரட்டப்பட்டதையும் காட்டினால் போதும். எதிரி சொந்தக்காரராகவே இருந்தாலும் கட்டடம் முதலில் திரும்பக் கிடைக்கும். காவல் நிலையத்தால் அடிதடியைத் தடுக்க முடியும். யார் வெளியேற வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அங்கே இல்லை.

மறைமுகமான ஒரு துண்டிப்பு வியாபாரிகளை வாட்டியது. கடை நடத்த மாநகராட்சி உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் கட்டட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். வெளியேற்ற வழக்கில் வெல்ல முடியாத உரிமையாளர் சம்மதக் கடிதத்தை மறுத்தே கடையை மூட வைக்கலாம் என்ற நிலை இருந்தது. சுதாகரன் எதிர் திருவனந்தபுரம் மாநகராட்சி என்ற வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்தது: முறையாக வாடகைக்கு வந்து, முறையாக வெளியேற்றப்படாமல் இருப்பவர் உரிமத்தைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் சம்மதத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை. இந்த நகரத்துக் கடைக்காரரின் பிணக்கு நாடு முழுவதற்கும் ஒரு நெறியைத் தந்திருக்கிறது.

1990இல் டெக்னோபார்க் தொடங்கிய பிறகு கழக்கூட்டம் பக்கம் கட்டில் கணக்கில் வாடகைக்கு விடும் பி.ஜி. இல்லங்கள் பெருகின. அங்கே தங்குபவர் வாடகைதாரரா, அனுமதி பெற்றுத் தங்குபவர் மட்டுமா என்பது தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. கட்டடத்தின் மீது உரிமை மாற்றப்பட்டதா, தனிப்பட்ட பூட்டுச்சாவி அதிகாரம் யாரிடம் என்பதை நீதிமன்றம் பார்க்கும் என்று 1959ஆம் ஆண்டின் கபூர் வழக்கு வகுத்தது. சென்னை ஜாம் பஜார் சந்தைக் கடைக்காரர்கள் நெடுநாள் இருந்தும், கதவைத் திறப்பதும் மூடுவதும் சந்தை உரிமையாளர் கையில் இருந்ததால் அவர்களை அனுமதி பெற்றவர்களாகவே உச்ச நீதிமன்றம் கொண்டது. உணவோடு, பொதுச் சமையலறையோடு, காவலாளியின் நேரக் கட்டுப்பாட்டோடு தங்குபவர்களுக்கு 1965 சட்டத்தின் பாதுகாப்பு கிடைப்பது அரிது. அவர்களுடைய உரிமை ஒப்பந்தத்தில் எழுதிய அளவே. ஆகவே அறிவிப்புக் காலமும் முன்பணம் திரும்பும் நாளும் எழுத்தில் இருப்பது வேறு யாரையும்விட அவர்களுக்கே முக்கியம்.

பழுதுபார்ப்பில் எளிய விதி ஒன்று உண்டு. செய்ய வேண்டிய கடமை உள்ள உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளச் சொத்து மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது. இடவப்பாதி மழைக்கு முன் ஓட்டுக்கூரையைச் சரிசெய்யச் சொல்லி எழுதிய கடிதமும், ஒழுகிய சுவரின் படமும், கொத்தனாருக்குக் கொடுத்த பணத்தின் ரசீதும் இல்லாமல் கழித்தால் அது நிலுவையாகத் திரும்பி வரும்.

வெளியேற்ற மனுவை முன்சீப் நிலையிலுள்ளவர் நடத்தும் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் நோட்டீஸ் இதற்குத் தனியே தேவையில்லை என்று சென்னையிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில் 1979இல் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். தோற்றவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு சீராய்வு. அங்கே சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள் என்பதைக் கேரளத்து ருக்மிணி அம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே சொல்ல வேண்டியதையும் காட்ட வேண்டிய தாளையும் முதல் நீதிமன்றத்திலேயே வைத்தாக வேண்டும். எறணாகுளத்து உயர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பது வீண். பெண்கள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உதவி 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

காலி செய்யும் நாளிலும் சில கடமைகள் உண்டு. வாடகைப் பொறுப்பு சாமான் ஏற்றிய நாளில் முடிவதில்லை. கட்டடத்தை உரிமையாளர் வசம் ஒப்படைத்த நாளில்தான் முடிகிறது. சாவி கொடுத்ததற்குத் தேதியோடு ஒரு கையெழுத்து, மின்சார மீட்டரின் அளவு, சுவரும் தரையும் இருந்த நிலையின் படங்கள் ஆகியவை முன்பணத்தைத் திரும்பப் பெற உதவும் தாள்கள். வழக்கமான தேய்மானத்துக்காக முன்பணத்தில் பிடித்தம் செய்ய இடமில்லை. உடைந்த பொருளுக்கும் நின்ற வாடகைக்கும் கணக்குச் சொல்லிக் கழிக்கலாம். சாவியை வாங்க மறுக்கும் உரிமையாளருக்கு, இன்ன நாளில் காலி செய்தாயிற்று, சாவி இங்கே ஆயத்தமாக இருக்கிறது என்று பதிவுத் தபாலில் எழுதி, அந்த நகலை முன்பணம் கைக்கு வரும்வரை வைத்திருக்க வேண்டும்.